களரியின் வாசல்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குப் போகும் நெடுஞ்சாலையில், கிரான்குளத்தைத் தாண்டியதும் வருவது குருக்கள்மடம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். சூரியன் எழும் பக்கமான இது எழுவான்கரை. மேற்கு ஓரத்து இறங்குதுறையில் பாதைப் படகேறினால் வாவியைக் கடந்து படுவான்கரையின் அம்பிளாந்துறைக்குப் போய்ச் சேரலாம்.

மெய்நிகர் உலகத்தின் தத்துவத்தைப் பேச இந்த ஊரிலா வந்து நிற்பது என்று சிலருக்குத் தோன்றக்கூடும். ஹெட்செட் கலிபோர்னியாவில் வடிவமைக்கப்படுகிறது. அதைப் பற்றிய பெரிய புத்தகங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுதப்படுகின்றன. ஆனால் மனிதர் ஓர் உலகத்தைத் தாமே கட்டி, அதற்குள் இறங்கி, வேறொருவராக இரவெல்லாம் வாழ்ந்து, விடியற்காலையில் வீடு திரும்பும் வித்தையில் இந்த வாவியின் இரு கரைகளுக்கும் நீண்ட பழக்கம் உண்டு. செத்தவரோடும் காணாமற்போனவரோடும் பேச முடியுமா என்ற கேள்வியும் இங்கே வெறும் சிந்தனைப் பயிற்சியாக இருந்ததில்லை. எனவே இங்கிருந்து தொடங்குவதில் தவறில்லை.

முதலில் கருவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணினி காட்டும் உலகத்துக்குள் மனிதன் நுழைய முடியும் என்று 1965இல் எழுதியவர் அமெரிக்கரான ஐவன் சதர்லண்ட். 1968இல் தலையில் மாட்டும் கருவி ஒன்றைச் செய்தும் காட்டினார். அதன் கனம் தாங்காது என்று கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். 1980களில் ஜரோன் லேனியரின் நிறுவனம் கையுறையும் கண்ணாடியும் விற்றது. 2014இல் பேஸ்புக் ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு ஒக்கியுலஸ் நிறுவனத்தை வாங்கியது. 2021இல் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது.

இவர்கள் எல்லாருக்கும் முன்பே, 1930களில், மெய்நிகர் யதார்த்தம் என்ற தொடரைப் பயன்படுத்திய ஒருவர் உண்டு. அவர் பொறியியலாளர் அல்லர்; அந்தோனின் ஆர்த்தோ என்ற பிரெஞ்சு நாடகக்காரர். அவர் பேசியது கணினியைப் பற்றியல்ல, மேடையில் பாத்திரங்களும் பொருள்களும் படிமங்களும் எழுப்பும் உலகத்தைப் பற்றி. 1931இல் பாரிஸில் நடந்த குடியேற்ற நாடுகள் கண்காட்சியில் பாலித் தீவின் ஆடலைப் பார்த்து அவர் அதிர்ந்துபோனார். ஐரோப்பிய நாடகம் பேச்சில் முடங்கிக் கிடக்கிறது, இவர்களோ உடலால் ஓர் உலகத்தை எழுப்பிவிடுகிறார்கள் என்பது அவர் எண்ணம். 1938இல் வெளியான அவருடைய கட்டுரைத் தொகுப்பில் அந்தத் தொடரும் பாலி ஆடலைப் பற்றிய எழுத்தும் இருக்கின்றன. ஆசியத் தீவொன்றின் ஆடல் ஒரு பிரெஞ்சுக்காரரை உலுக்கிய அதே காலத்திலேயே அந்தத் தொடரும் பிறந்திருக்கிறது.

மட்டக்களப்புக் கூத்தை ஆர்த்தோ பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசிப்பதில் பயனில்லை. நாம் பார்ப்போம்.

கூத்துப் போடுவது ஓர் இரவில் முடிகிற காரியமல்ல. எந்தக் கூத்து என்று ஊர் கூடி முடிவெடுக்கும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆள் பார்ப்பார்: உயரம், குரல், தாளத்தில் நிற்கும் கால். பிறகு சட்டம் கொடுப்பார்கள். அவரவர் பாட வேண்டிய பகுதி அவரவர் கைக்கு வரும். மாதக்கணக்கில் இரவுப் பழக்கம் நடக்கும். ஆட்டம் ஓரளவு கைவந்தபின் நாள் பார்த்துச் சதங்கை அணிவார்கள். அதன்பின் கிழமைக் கூத்து, கடைசியில் அடுக்குப் பார்த்தல் என்ற முழு ஒத்திகை, அப்புறம்தான் அரங்கேற்றம். வட்டமாக மண் போட்டு உயர்த்திய களரியில், சுற்றிவரச் சனம் இருக்க, விடியும்வரை ஆட்டம் நடக்கும். அதோடும் முடியாது. ஆடியவர்கள் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். பேராசிரியர் சி. மௌனகுரு தம் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ நூலில் இந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்திருக்கிறார்.

இந்தப் படிகளைச் சடங்கு, சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு வயற்காரன் துரியோதனன் ஆகிறான் என்றால் அவன் ஒரே எட்டில் ஆகிவிடுவதில்லை. படிப்படியாக உள்ளே போகிறான். போகும் ஒவ்வொரு படியிலும் ஊர் கூடவே நிற்கிறது. திரும்பி வருவதற்கும் படி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு ஆடுவதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். களரியில் முடி தரித்து நின்றவன் பகல் வெளிச்சத்தில் அயல்வீட்டு முற்றத்தில் ஆடுகிறான். பார்ப்பவர்களுக்கு அவன் அரசனும்தான், இன்னாருடைய மகனும்தான். இரண்டும் ஒன்றாகத் தெரியும் அந்த நேரத்தில் வேடம் மெல்லக் கழன்றுவிடுகிறது.

மட்டக்களப்புக் கூத்தின் ஒரு வகையான வடமோடியில் அரசன் கட்டும் கரப்புடுப்பைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கும். இடுப்பைச் சுற்றி வளையமாக விரிந்து நிற்கும் அந்த உடுப்பைக் கட்டிய ஆளால் நினைத்தபடி குனியவோ குந்தவோ முடியாது. கை தானாகவே உடலிலிருந்து விலகி நிற்கும். திரும்புவதென்றால் முழு உடலும் திரும்ப வேண்டும். தோரணை நடிப்பில் வருவதற்கு முன் உடுப்பிலேயே வந்துவிடுகிறது.

2007இல் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்டான்போர்டில் செய்த பரிசோதனை இதைத்தான் வேறு வழியில் காட்டியது. மெய்நிகர் உலகத்தில் உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள், குள்ளமான உருவம் கொடுக்கப்பட்டவர்களைவிடப் பணப்பங்கீட்டுப் பேச்சில் விட்டுக்கொடாமல் நின்றார்கள். போட்ட உருவம் போட்டவரை மாற்றிவிட்டது. 2006இல் லண்டனில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் செய்தது இன்னும் சங்கடமானது. கணினி வரைந்த ஒரு பெண்ணுக்கு, அவள் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அப்படி ஒரு பெண் இல்லை, அதிர்ச்சியும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவளைப் பார்த்தபடி அதைச் செய்தவர்களின் உடல், மெய்யான ஒருத்தியை வதைப்பது போலவே பதறியது. சிலர் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

பொய் என்று அறிவுக்குத் தெரிவது உடலுக்குப் போதவில்லை. இதுதான் மெய்நிகர் உலகம் தத்துவத்துக்குக் கொண்டுவந்த புதிய தலையிடி. பழையதும்தான்.

மேற்கில் இந்த விவாதம் பெரும்பாலும் இரண்டு முனைகளில் நிற்கிறது. றொபேட் நோசிக் 1974இல் ஒரு கற்பனை இயந்திரத்தை முன்வைத்தார். அதில் படுத்தால் விரும்பிய அனுபவமெல்லாம் கிடைக்கும். படுத்திருப்பது மட்டும் மறந்துபோகும். ஏறிப் படுப்பீர்களா? மாட்டோம் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள் என்பது நோசிக்கின் நம்பிக்கை. ஒன்றைச் செய்வதுபோல் உணர்வது வேறு, உண்மையிலேயே செய்வது வேறு. நமக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்றார். மறுமுனையில் டேவிட் சால்மர்ஸ். 2022இல் வந்த ‘ரியாலிட்டி பிளஸ்’ நூலில் அவர் சொல்வது: மெய்நிகர்ப் பொருளும் மெய்ப்பொருளே. அது கணினியில் இருக்கிறது, விளைவுகளை உண்டாக்குகிறது, அங்கேயும் அர்த்தமுள்ள வாழ்க்கை வாழலாம்.

தமிழில் இதைப் பேச வருபவர்கள் உடனே மாயை என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உலகமே தோற்றம், இது தோற்றத்துக்குள் இன்னொரு தோற்றம், அவ்வளவுதான் என்று முடித்துவிடுவார்கள். இது சங்கரரின் வழி. கிழக்கிலங்கைச் சைவர்கள் படித்து வளர்ந்த சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டார் மரபில் மாயை உள்பொருள். உடலும் கருவிகளும் உலகமும் நுகர்ச்சியும் அதிலிருந்தே வருகின்றன. உலகம் பொய்யென்பது சித்தாந்திக்கு ஒப்பமுடியாத பேச்சு. அந்த அளவில் மெய்கண்டார் சால்மர்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. உலகம் மெய்யா பொய்யா என்பதைவிட, உயிர் எதைச் சார்ந்து நிற்கிறது என்பதே சித்தாந்தத்துக்கு முக்கியம். உயிர் தானாக ஒரு நிறம் இல்லாதது. சார்ந்ததன் வண்ணமாவது அதன் இயல்பு. பளிங்கு பக்கத்திலுள்ள பூவின் நிறத்தை ஏற்பது அம்மரபு காட்டும் உவமை. மலத்தைச் சார்ந்தால் மலமாய் நிற்கும், சிவத்தைச் சார்ந்தால் சிவமாய் நிற்கும். உயர உருவத்தைச் சார்ந்தவன் உயரமாகப் பேரம் பேசினான் என்ற ஸ்டான்போர்ட் முடிவைக் கேட்டால் ஒரு சித்தாந்த ஆசிரியர் ஆச்சரியப்பட மாட்டார். எதைச் சார்ந்தான், அதைச் சார வைத்தவர் யார் என்றுதான் கேட்பார். நோசிக்கும் சால்மர்ஸும் போதிய அளவு கேட்காத கேள்வி அது என்பது என் கட்சி. உலகத்தைக் கட்டியவர் யார்? உள்ளே விடுபவர் யார்? வெளியே வரும்போது வாசலில் நிற்பவர் யார்?

கூத்தில் இதற்கெல்லாம் முகம் தெரிந்த விடை உண்டு. அதனால் கூத்தைத் தூக்கித் தலையில் வைத்து ஆடவும் வேண்டாம். ஊர் தீர்மானிக்கிறது என்றால் ஊரில் யாருடைய சொல் எடுபடுமோ அவர்கள் தீர்மானிக்கிறார்கள் என்று பொருள். மட்டக்களப்பில் தாய்வழி வரும் குடியும் சாதியும் கோயில் உரிமையில் பேசுவது எல்லாருக்கும் தெரியும். களரிக்குள் மட்டும் அவை வாயை மூடிக்கொண்டிருந்தன என்று நம்புவதற்கில்லை. பெண் வேடத்தைக்கூட ஆண்களே கட்டினார்கள். பெண்கள் பார்வையாளராக இருந்தார்கள். கலாநிதி சி. ஜெயசங்கரும் கூட்டாளிகளும் மட்டக்களப்பின் சீலாமுனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. கூத்தை நகர மேடைக்குக் கொண்டுபோய்த் திருத்தாமல், ஆடுகிறவர்களோடு அந்தக் களரியிலேயே இருந்து, பெண்ணைப் பற்றியும் சாதியைப் பற்றியும் கூத்து ஏடு சொல்வதைப் பேசி மாற்றினார்கள். உலகத்தின் விதியை அந்த உலகத்தில் ஆடுகிறவர்களே உட்கார்ந்து மாற்றி எழுத முடிந்தது.

ஹெட்செட்டில் அரசனாக விரும்பும் பெண்பிள்ளையிடம் எந்தக் குடி என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதை நான் சிறிய விடயமாக எண்ணவில்லை. ஆனால் அவள் நுழையும் உலகத்தின் விதியை எழுதியவர் அவள் ஊரில் இல்லை; அவர் எழுதியதை அவள் மாற்றவும் முடியாது. 2020இல் வெளியான ஒரு ஸ்டான்போர்ட் ஆய்வு 511 பேரை ஹெட்செட் மாட்டிக் காணொளி பார்க்க வைத்தது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவான தலையசைவு, கையசைவுத் தரவைக் கொண்டே, இவர் இன்னார் என்று 95 விழுக்காடு சரியாகக் கணினி கண்டுபிடித்தது. அண்ணாவியாரும் இருட்டில் சதங்கைச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடக்கூடியவர்தான். வித்தியாசம், அவர் அதை விற்கமாட்டார். விற்றாலும் மறுநாள் தேநீர்க் கடையில் அவரைப் பிடித்துக் கேட்கலாம்.

இதுவரை பேசியது உயிரோடு இருப்பவர்கள் வேறொருவராவதைப் பற்றி. இனி வருவது கடினமான பகுதி: செத்தவரோடும் காணாமற்போனவரோடும் பேசுவது.

1990 மட்டக்களப்பு மறக்க முடியாத ஆண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துச் சென்றது. அவர்கள் திரும்பவில்லை. இப்படி வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கைகளால் கொண்டுபோகப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் முகாம்களுக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தார்கள். விடை கிடைக்காமல் அம்மன் கோயில்களுக்குப் போனார்கள். அங்கே தெய்வமாடுபவர்களிடம் வாக்குக் கேட்டார்கள்: பிள்ளை இருக்கிறானா, இல்லையா? 1990களில் இங்கு தங்கியிருந்து இதை ஆராய்ந்தவர் பற்றீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர். தெய்வமாடும் பெண்கள் வாக்குச் சொன்னதோடு நிற்கவில்லை, பிடிபட்டவர் பட்ட அடியின் வலியைத் தம் உடலில் காட்டினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். வெளியே வாய் திறந்து பேச முடியாததைக் கோயில் வாசலில் தெய்வத்தின் வாயால் பேச முடிந்த காலம் அது.

2020 பெப்ரவரியில் தென்கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சி ஒரு தாயை, 2016இல் ஏழு வயதில் நோயால் இறந்த அவருடைய மகளோடு மெய்நிகர் பூங்காவொன்றில் சந்திக்க வைத்தது. தாய் கையுறை போட்டிருந்தார். குழந்தையின் முகத்தைத் தொட நீட்டிய கை நடுங்கியது. அந்தத் துண்டைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். ஆறுதலா சுரண்டலா என்ற வாதம் நீண்ட நாள் நடந்தது. தாய் தாமே விரும்பித்தான் போனார். ஆறுதலாக இருந்தது என்றே பின்னர் சொன்னார். அதை மறுக்க நமக்கு என்ன உரிமை?

ஆனால் அந்தக் கொரியத் தாய்க்குத் தெரிந்த ஒன்று வந்தாறுமூலைத் தாய்க்குத் தெரியாது. மகள் இறந்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அடக்கம் முடிந்தபின் வந்த சந்திப்பு அது. காணாமற்போன மகனுக்கு அப்படி ஓர் உருவம் வரையச் சொன்னால் வரைபவர் முதலில் என்ன கேட்பார்? எத்தனை வயதில் வரைய? 1990இல் இருந்த இருபது வயதிலா, இன்றைக்கு இருக்கவேண்டிய வயதிலா? இருபதில் வரைந்தால் அவன் அன்றே செத்தான் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நரைத்த தலையோடு வரைந்தால் அவன் இருக்கிறான் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இரண்டையும் சொல்லும் அதிகாரம் கணினி வரைபவருக்கு இல்லை. தெய்வமாடியவர்களின் வாக்கும் குற்றமற்றதென்று சொல்ல வரவில்லை. இருக்கிறான் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஆனாலும் அந்த வாக்கு ஊர் கேட்கச் சொல்லப்பட்டது, மறு கோயிலில் மறுவாக்குக் கேட்கலாம், நம்பாமல் எழுந்தும் வரலாம். முகமும் குரலும் கொடுத்து முன்னால் நிறுத்திய உருவத்தை நம்பாமல் எழுந்து வருவது அவ்வளவு இலேசல்ல. லண்டன் பரிசோதனையில் அறிவு சொன்னதை உடல் கேட்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

குருக்கள்மடத்துக்கு வருவோம். 1990 ஜூலையில், கல்முனைப் பக்கமிருந்து இந்த நெடுஞ்சாலை வழியே காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் இந்த ஊரில் மறிக்கப்பட்டார்கள். விடுதலைப் புலிகள் அவர்களைக் கடத்திக் கொன்று இங்கேயே புதைத்தார்கள் என்பது குடும்பங்களின் முறைப்பாடு. எத்தனை பேர் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. 2014இல் விடயம் களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தது. அகழ்வுக்கு நாள் குறிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. 2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது.

தமிழ் எழுத்தில் இந்தப் புதைகுழியைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. வந்தாறுமூலையை எழுதும் கை குருக்கள்மடத்தில் தயங்குகிறது. நாம் கட்டிக்கொண்ட கதையுலகத்துக்குள் அது பொருந்தவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஹெட்செட் இல்லாமலே மனிதர் மெய்நிகர் உலகத்தில் குடியிருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

இங்கே தொழில்நுட்பத்துக்கு வேலை உண்டா? உண்டு. 2016இல் ஜெர்மனியின் டெட்மோல்ட் நகர நீதிமன்றத்தில் அவுஷ்விட்ஸ் முகாமின் முன்னாள் காவலர் ஒருவர்மீது வழக்கு நடந்தது. நடந்தது எனக்குத் தெரியாது என்ற வாதத்தைச் சோதிக்க, பவேரியப் பொலிசார் முகாமின் மெய்நிகர் மாதிரி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். காவல் கோபுரத்தில் நின்றவனுக்கு என்னென்ன கண்ணில் பட்டிருக்கும் என்பதை அது காட்டியது. குற்றம் நிரூபணமாகி ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த மாதிரியை யாரும் மனம்போனபடி வரையவில்லை. எஞ்சியிருந்த கட்டடங்களை அளந்து, பழைய வரைபடங்களையும் படங்களையும் ஒப்பிட்டுக் கட்டினார்கள். நிலத்தில் சான்று இருந்தது, அதனால் கணினியால் பேச முடிந்தது.

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து களிமண்ணிலும் நிறத்திலும் கதையிலும் தங்களுக்கென்று உலகங்கள் செய்து விளையாடினார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று பெரியவர்கள். யுத்தகால நினைவை ஹெட்செட்டில் கட்டித் தருகிறோம் என்று யாராவது திட்டத்தோடு வந்தால் முன்நின்று செய்யப் போகிறவர்களும் அவர்கள் வயதுக்காரர்களே. செய்யட்டும். ஆனால் குருக்கள்மடத்து உருவம் எதையும் வரைவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகங்களும் எழுத்தாளர்களும் ஊர்ப் பெரியவர்களும் குரல் கொடுக்க வேண்டியது அதற்குத்தான். நீதிமன்ற மேற்பார்வையில் மண்ணைத் தோண்டி, எலும்பு இன்னாருடையதென்று கண்டு, காத்தான்குடியில் காத்திருப்பவர்கள் ஜனாஸாத் தொழுது அடக்கம் செய்யக் கொடுக்க வேண்டும்.